மாட்டுப்பாலை விட்ட தாய்க்கு எதை வாங்கலாம், எதை அலமாரியிலேயே விட்டுவிடலாம்

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் மலத்தில் சளியும் நூல் நூலாக ரத்தமும் தெரிகிறது. குழந்தையோ நன்றாகக் குடிக்கிறது, எடை ஏறுகிறது, சிரிக்கிறது. இந்த நிலையில் குழந்தை மருத்துவர் பெரும்பாலும் சொல்வது: அம்மா இரண்டிலிருந்து நான்கு வாரம் பாலையும் பாலில் செய்த எல்லாவற்றையும் விட்டுப் பார்க்கட்டும். அன்று இரவே போனில் தேடினால் லாக்டோஸ் இல்லாத பால், ஏ2 பால், ஆட்டுப்பால், லாக்டேஸ் சொட்டு, ஒரே துளி ரத்தத்தில் நூறு உணவுகளைச் சோதிக்கும் கிட், தாய்ப்பாலை நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப், ஏழெட்டு உணவுகளை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லும் டயட் பேக்கேஜ் என்று வந்து குவியும். தூக்கம் கெட்டுப்போன தாயிடம் இவ்வளவையும் விற்பது சுலபம்.

அவற்றை வகை வகையாக இங்கே மதிப்பிட்டிருக்கிறோம். பிராண்டுகளுக்குள் போட்டி வைக்கவில்லை. ஒரே பெயரில் வரும் பொருளின் சேர்மானமே நாட்டுக்கு நாடு மாறுகிறது; லேபிள் படிக்கத் தெரிந்தவருக்குப் பிராண்டுப் பட்டியல் தேவைப்படாது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சத்து சேர்த்த தாவரப் பால் ஒன்று, கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி, ஒரு நோட்டு. பெரும்பாலானோருக்கு இவ்வளவு போதும். மற்றவற்றில் பாதி, பிரச்சினை லாக்டோஸ், அதாவது பாலில் உள்ள சர்க்கரை, என்று நினைத்துக்கொண்டு விற்கப்படுபவை. பிரச்சினை, தாய் குடித்த மாட்டுப்பாலின் புரதம் தாய்ப்பால் வழியாக வந்து குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது.

வாங்கும் முன் ஒரு வார்த்தை. ரத்தம் தெரிந்தாலே அலர்ஜி என்று முடிவுகட்ட முடியாது. ஆசனவாயில் சிறு வெடிப்பு இருக்கலாம், தாயின் முலைக்காம்பு வெடித்து அந்த ரத்தத்தைக் குழந்தை விழுங்கியிருக்கலாம், தொற்றாக இருக்கலாம். குழந்தை குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பி விறைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மலம் முழுக்கச் சிவந்த ஜெல்லி போல வந்தாலோ டயட் பற்றி யோசிக்க நேரமில்லை, உடனே மருத்துவமனை. பால் குடித்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், இளைப்பு என்று வந்தால் அது உடனடி வகை ஒவ்வாமை. அதற்கும் இந்த விமர்சனம் பொருந்தாது.

லாக்டோஸ் இல்லாத பால், லாக்டேஸ் சொட்டு

மதிப்பெண்: 5-க்கு 0. பொருள் மோசமில்லை, இந்த வேலைக்கு ஆகாது.

பசும்பாலில் லிட்டருக்கு 30 கிராமுக்குச் சற்று மேல் புரதம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன், மீதி வே புரதம். தாய் குடித்த பாலின் புரதத்தில் மிகச் சிறிய பங்கு செரிக்காமல் குடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்து தாய்ப்பாலில் வந்து சேர்கிறது, மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில். வே புரதத்தின் முக்கியப் பகுதியான பீட்டா லாக்டோகுளோபுலின் மனிதப் பாலில் இயல்பாக இருப்பதே இல்லை. அங்கே தென்பட்டால் அது தாய் சாப்பிட்டதிலிருந்து வந்தது. எல்லாத் தாய்மாரின் பாலிலும் தென்படுவதும் கிடையாது.

லாக்டோஸ் கதை வேறு. அது பால் சுரப்பியிலேயே தயாராகிறது. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு சுமார் 7 கிராம் இருக்கும். தாய் ஒரு சொட்டுப் பாலும் குடிக்காமல் இருந்தாலும் அந்த அளவு மாறாது. லாக்டோஸ் இல்லாத பால் என்பது நொதி கலந்து சர்க்கரையை உடைத்த பசும்பால்தான். புரதம் அப்படியே இருக்கிறது. நான்கு வாரம் இதைக் குடித்துவிட்டு "பாலை விட்டும் ரத்தம் நிற்கவில்லை, அப்படியானால் சோயாவாக இருக்கும், கோதுமையாக இருக்கும்" என்று அடுத்தடுத்த உணவுகளை வெட்டிக்கொண்டே போவதுதான் இதில் நடக்கும் பெரிய நஷ்டம்.

குழந்தையின் வாயில் விடும் லாக்டேஸ் சொட்டுக்கும் இதே பதில்தான். பேதிக்குப் பிறகு சில குழந்தைகளுக்குத் தற்காலிகமாக லாக்டோஸ் செரிக்காமல் போவதுண்டு. அதுவும் தாயின் சாப்பாட்டால் வருவதில்லை, தாயின் சாப்பாட்டை மாற்றியும் போவதில்லை.

ஏ2 பால், ஆட்டுப்பால், எருமைப்பால், நெய்

ஏ2 பாலுக்கும் சாதாரணப் பாலுக்கும் உள்ள வித்தியாசம், பீட்டா கேசீன் என்ற ஒரு புரதத்தில் 67-ஆவது இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம். மற்ற கேசீன்கள், பீட்டா லாக்டோகுளோபுலின் எதுவும் மாறவில்லை. ஆட்டுப்பால், செம்மறிப்பால், எருமைப்பால் ஆகியவற்றின் புரதங்களும் பசும்பாலுக்கு அவ்வளவு நெருக்கமானவை. பசும்பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இவையும் ஒத்துக்கொள்வதில்லை. "இயற்கையானது, எளிதில் செரிக்கும்" என்று அட்டையில் எழுதியிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த வகைக்கும் 0.

வெண்ணெயும் நெய்யும் அடிக்கடி கேட்கப்படுபவை. வெண்ணெயில் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் புரதம் இருக்கிறது. நெய்யில் கசடு வடிகட்டிய பிறகும் துணுக்கு மிஞ்சும். அந்தத் துணுக்கு பல குழந்தைகளை எதுவும் செய்யாமலிருக்கலாம். ஆனாலும் சோதனை நடக்கும் இரண்டு முதல் நான்கு வாரம் இரண்டையும் விட்டுவிடுவதே நல்லது. காரணம் எளிது: முடிவு சந்தேகமாக வந்தால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

தாவரப் பால்: பணம் போட வேண்டிய ஒரே அலமாரி

இங்கே வித்தியாசங்கள் பெரியவை. ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி என்று வைத்துக்கொள்வோம். பசும்பாலில் அதற்கு 8 கிராம் புரதமும் சுமார் 300 மில்லிகிராம் கால்சியமும் கிடைக்கும். சோயா பாலிலும் பட்டாணிப் புரதப் பாலிலும் 7 முதல் 8 கிராம் புரதம் வரும். ஓட்ஸ் பாலில் 2 முதல் 4. பாதாம் பாலில் ஒரு கிராம் தேறினால் அதிகம். டப்பாவின் பின்பக்கம் பார்த்தால் பாதாம் இரண்டு மூன்று சதவீதம்தான் என்று பல தயாரிப்புகளில் எழுதியிருக்கும், மீதி தண்ணீர். தேங்காய்ப் பானத்திலும் அரிசிப் பாலிலும் புரதம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 70 கிராம் அளவில் புரதம் தேவை. இரண்டு டம்ளர் பசும்பாலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாதாம் பாலை வைத்தால் 14 கிராம் காணாமல் போகிறது. பருப்பு, முட்டை, மீன், இறைச்சி தாராளமாகச் சாப்பிடுபவருக்கு இது ஒரு பொருட்டில்லை. அவர் ருசிக்கு எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். பாலையும் தயிரையுமே புரதத்துக்கு நம்பியிருந்தவர் சோயா அல்லது பட்டாணியைத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டில் எது? சோயா ஏற்கெனவே வழக்கமாகச் சாப்பிடுபவர் சோயாவையே எடுக்கலாம். இதுவரை சோயா தொடாதவர் பாலை விட்ட அதே நாளில் தினம் இரண்டு டம்ளர் சோயா பால் குடிக்க ஆரம்பிப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. பால் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் ஒரு சிறு பகுதிக்குச் சோயாவும் ஒத்துக்கொள்வதில்லை. ஒன்றை எடுத்து இன்னொன்றைப் புதிதாகச் சேர்த்தால், ரத்தம் நிற்காதபோது எதன் மேல் பழி போடுவது என்று தெரியாது. முதல் சுற்றுக்குப் பட்டாணிப் பாலோ ஓட்ஸ் பாலோ எடுத்துக்கொண்டு, புரதத்தை சாப்பாட்டில் ஈடுகட்டுவது தெளிவான வழி.

லேபிளில் முதலில் தேட வேண்டியது கால்சியம். 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று இருந்தால் பசும்பாலுக்கு நிகர். எதுவும் எழுதவில்லை என்றால் எதுவும் சேர்க்கவில்லை என்று பொருள்; வீட்டில் அரைத்து வடிகட்டும் பாதாம் பாலும் ஓட்ஸ் பாலும் அந்த வகையில்தான் வரும். அடுத்து பி12, பிறகு வைட்டமின் டி, அயோடின். கடைசியில் சொன்ன அயோடின் மிகச் சில டப்பாக்களில்தான் இருக்கும். பல நாடுகளில் மக்களுக்கு அயோடின் பெருமளவு வருவது பால் வழியாகத்தான் என்பதால், பாலை நிறுத்துபவர் அயோடின் கலந்த உப்பு பயன்படுத்துகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாலூட்டும் காலத்தில் நாளுக்கு 250 மைக்ரோகிராம் தேவை. அதற்காகக் கடற்பாசி மாத்திரை வாங்கிவிடக் கூடாது. அதில் அயோடின் கணக்கில்லாமல் ஏறும், குழந்தையின் தைராய்டைப் பாதிக்கும்.

டப்பாவைக் காலி செய்து கத்தரித்துப் பார்த்தால் அடியில் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். விலை கொடுத்து வாங்கிய கால்சியம் அதுதான். கால்சியம் கார்பனேட்டும் டிரைகால்சியம் பாஸ்பேட்டும் நீரில் கரையாது, மிதந்துகொண்டிருந்து மெல்ல அடியில் தங்கும். ஒவ்வொரு முறையும் ஊற்றும் முன் பத்து நொடியாவது நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் மேலாக ஊற்றிக் குடித்தால் லேபிளில் எழுதிய அளவு கால்சியம் டம்ளருக்குள் வராது.

சூடான காபியில் சோயா பாலை ஊற்றினால் திரிந்து துகள் துகளாக நிற்பதை வைத்து "கெட்டுப்போன சரக்கு" என்று விமர்சனம் எழுதுபவர்கள் உண்டு. கெட்டுப்போகவில்லை; காபியின் அமிலமும் சூடும் சேர்ந்து சோயா புரதத்தைத் திரட்டுகின்றன. பாலைத் தனியே இளஞ்சூடாக்கி டம்ளரில் விட்டு, காபியை அதன் மேல் மெதுவாக ஊற்றினால் பெரும்பாலும் திரியாது. பாரிஸ்டா என்று அச்சிட்ட டப்பாக்களில் பாஸ்பேட் உப்பு சேர்த்திருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. இனிப்பு சேர்க்காததாகப் பார்த்து வாங்கினால் போதும்.

இவை தாய்க்கானவை. ஒரு வயதுக்குள் குழந்தைக்குப் பாலுக்குப் பதிலாக எந்தத் தாவரப் பாலையும் புகட்டக் கூடாது.

பட்டாணிப் பாலுக்கு 5-க்கு 4½, சோயாவுக்கு 4, கால்சியம் சேர்த்த ஓட்ஸ் பாலுக்கு 3½. பாதாமுக்கு 2.

கால்சியம் மாத்திரை: அட்டையில் உள்ள எண்ணும் உள்ளே உள்ள எண்ணும்

பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. சில நாடுகளின் பரிந்துரை 1250 வரை போகிறது. சத்து சேர்த்த தாவரப் பால் இரண்டு டம்ளர் குடித்தால் 580 அளவு வந்துவிடும். கீரை, எள், கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபு, முள்ளோடு சாப்பிடும் சிறுமீன் ஆகியவை இன்னும் கொஞ்சம் தரும். பாலக் கீரையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சத்துக்கு ஒரு மாத்திரை.

ஏமாறும் இடம் இதுதான்: அட்டையில் பெரிதாக 1250 மி.கி. என்றிருக்கும். அது கால்சியம் கார்பனேட்டின் எடை. அதில் 40 சதவீதம்தான் கால்சியம், ஆக 500. சிட்ரேட் என்றால் 21 சதவீதம், 1000 மி.கி. சிட்ரேட் மாத்திரையில் 210 தான் தேறும். "தனிமக் கால்சியம்" என்று பின்பக்கம் சிறிய எழுத்தில் தனியாகக் கொடுத்திருக்கும் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், உறிஞ்சப்பட வயிற்று அமிலம் தேவை. சிட்ரேட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, மலச்சிக்கலும் குறைவு. ஒரே வேளையில் 500-க்கு மேல் போட்டால் உடம்பு ஏற்கும் விகிதம் குறைந்துகொண்டே போகும். பிரசவத்துக்குப் பிறகு பலர் இரும்புச் சத்து மாத்திரையும் எடுப்பார்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு வீணாகும், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டுக்கு தைராக்சின் மாத்திரை எடுப்பவருக்கு நான்கு மணி நேரம்.

வைட்டமின் டி தாய்க்கு 400 முதல் 600 ஐயு. தாய் இந்த அளவு எடுப்பதால் குழந்தைக்குப் போதிய அளவு போய்ச் சேராது. குழந்தைக்குத் தரும் 400 ஐயு சொட்டை நிறுத்திவிட வேண்டாம்.

மாத்திரைக்கு 5-க்கு 5 தருவதில் எங்களுக்குத் தயக்கமில்லை. பி12-ஐயும் இங்கேயே சேர்த்துச் சொல்ல வேண்டும். மீன், முட்டை, இறைச்சி சாப்பிடாத தாய்க்கு பி12 வந்துகொண்டிருந்த ஒரே வழி பால். அந்த வழியை அடைத்துவிட்டு மாத்திரை எடுக்காமல் இருந்தால் தாய்ப்பாலிலும் பி12 குறையும், குழந்தையின் நரம்பு வளர்ச்சி அடிபடும். நாளுக்கு 2.8 மைக்ரோகிராம் கண்டிப்பாக வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா ஆபத்துகளிலும் யாரும் எச்சரிக்காமல் விடுவது இதைத்தான்.

தாய்மார்களுக்கான சத்துப் பவுடர், பால் சுரக்க வைக்கும் பிஸ்கட்

கர்ப்பிணிப் பெண்ணின் படம் போட்ட சத்துப் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பல டப்பாக்களில் சேர்மானப் பட்டியலின் முதல் சொல்லே கொழுப்பு நீக்கிய பால் பவுடர், அடுத்தது வே புரதச் செறிவு. பாலை முழுசாக நிறுத்திவிட்டேன் என்று சொல்லும் தாய் காலையும் இரவும் இதைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருப்பார், "பால் ஊற்றிக் குடிக்கவில்லையே" என்ற நம்பிக்கையில். சோதனை தோற்றுப்போகும் காரணங்களில் அதிகம் கவனிக்கப்படாதது இது. பால் சுரக்க வைக்கும் என்று விற்கப்படும் பிஸ்கட்டுகளிலும் வெண்ணெய் வழக்கமாக இருக்கும்.

பட்டியலில் பால் என்ற சொல் வராமலும் பால் இருக்கலாம். கேசீன், சோடியம் கேசினேட், கால்சியம் கேசினேட், வே, லாக்டால்புமின், மில்க் சாலிட்ஸ், பட்டர்மில்க் பவுடர் எல்லாமே பால் புரதம். "நான் டெய்ரி" என்று முகப்பில் எழுதிய காபி கிரீமரின் பின்பக்கத்தில் சோடியம் கேசினேட் இருப்பது சகஜம். மசாலா தூவிய சிப்ஸ், இன்ஸ்டன்ட் சூப், பாக்கெட் ரொட்டி, சாசேஜ் என்று எதிர்பாராத இடங்களிலும் வரும். இதற்கு எதிர்ப்பக்கம், பெயரைப் பார்த்துப் பயந்து விட்டுவிட வேண்டாதவை: லாக்டிக் அமிலம், கால்சியம் லாக்டேட், கோகோ பட்டர். மூன்றும் பால் புரதம் இல்லாதவை.

"பால் துணுக்கு இருக்கலாம்" என்ற எச்சரிக்கை வரிக்கு என்ன செய்வது? சளியும் ரத்தமும் மட்டும் வரும் தாமத வகைக்கு, அந்த வரி உள்ள பொருளையெல்லாம் தூக்கிப் போடத் தேவையில்லை. அளவு அவ்வளவு சிறியது. அதையும் தவிர்க்க ஆரம்பித்தால் தாய்க்குச் சாப்பிட எதுவும் மிஞ்சாது.

டெஸ்ட் கிட்டுகள்

ஐஜிஜி ரத்தப் பரிசோதனைதான் இந்தச் சந்தையில் அதிகம் விளம்பரப்படுத்தப்படும் பொருள். விரல் நுனியில் குத்தி அனுப்பினால், சிவப்பு, மஞ்சள், பச்சை நிறத்தில் அழகான ரிப்போர்ட் வரும். ஐஜிஜி என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம்; ஒரு உணவுக்கு அது இருந்தால் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உடம்பு அதற்குப் பழகிவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். தினம் சாப்பிடுபவை சிவப்பில் வருவது அதனால்தான். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமையியல் அமைப்பு 2008-லும், கனடா ஒவ்வாமையியல் அமைப்பு 2012-லும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டன. இதுபோக, இங்கே கேள்வி குழந்தையின் குடல் பற்றியது. தாயின் ரத்தத்தைச் சோதித்து என்ன தெரியப்போகிறது? தலைமுடியை வைத்துச் செய்யும் சோதனை, தசை வலுச் சோதனை போன்றவற்றைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்கவில்லை.

தாய்ப்பால் ஸ்ட்ரிப் கொஞ்சம் மரியாதைக்குரிய யோசனை. பாலில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று கோடு காட்டும். சிக்கல் என்னவென்றால், கோடு விழுந்தால் புரதம் இருக்கிறது என்று தெரியுமே தவிர அது இந்தக் குழந்தையைத் தொந்தரவு செய்கிறதா என்று தெரியாது. கோடு விழாவிட்டாலும் நிம்மதி இல்லை. சாப்பிட்ட சில மணி நேரத்தில் அளவு ஏறி இறங்கிவிடும், எந்த நேரத்துப் பால் என்பதைப் பொறுத்தே பதில். மதிப்பெண் 1.

குழந்தைக்கு எடுக்கும் தோல் குத்துச் சோதனையும் ஐஜிஇ (உடனடி ஒவ்வாமையில் பங்கெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ரத்தச் சோதனையும் உடனடி வகைக்கு உதவும். தாமத வகையில் பெரும்பாலும் நெகட்டிவ் என்றே வரும். அதை வைத்துப் பால் காரணமில்லை என்று சொல்ல முடியாது. மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் டெஸ்ட், நலமான குழந்தைகளில் பலருக்கே பாசிட்டிவ் வரும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடிப் பிடித்து டயட்டை நீட்டிப்பதில் பயனில்லை.

டயட் பேக்கேஜ்களும் டயட்டீஷியனும்

பால், முட்டை, வேர்க்கடலை, கொட்டைகள், கோதுமை, சோயா, மீன் எல்லாவற்றையும் முதல் நாளே நிறுத்தச் சொல்லும் திட்டங்களுக்கு ஆதாரமாக 2005-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வை விற்பவர்கள் காட்டுவார்கள். அதிகம் அழும், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளின் தாய்மார்கள் ஏழு நாள் அந்த ஏழு வகைகளையும் விட்டார்கள். அழுகையும் சிணுங்கலும் கால் பங்குக்கு மேல் குறைந்த குழந்தைகள் அந்தப் பிரிவில் 74 சதவீதம். விளம்பரம் அதோடு நின்றுவிடும். வழக்கமாகச் சாப்பிட்ட பிரிவிலும் 37 சதவீதக் குழந்தைகளுக்கு அதே அளவு குறைந்தது. டயட் உதவியது உண்மை; டயட் இல்லாமலே மூன்றில் ஒன்றுக்கு மேல் அடங்கியதும் உண்மை. குழந்தைகளின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக இறங்கும். ஆறாவது வாரத்தில் எதைத் தொடங்கினாலும் அது வேலை செய்ததாகவே தோன்றும்.

ரத்தம் கலந்த மலத்துக்கு அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2011-ல் வெளியிட்ட வழிமுறை, ஒரு நேரத்தில் ஒரு உணவு, முதலில் மாட்டுப்பால் என்பதுதான். தினமும் வாயுத் தொல்லை தரும் காய்களைக் குறைக்கச் சொல்லும் பட்டியலையும் ஒதுக்கிவிடலாம். தாயின் குடலில் உண்டாகும் வாயு ரத்தம் வழியாகப் பாலுக்குப் போவதில்லை.

ஒரு உணவை மட்டும் சில வாரம் விடுவதற்குக் கட்டண ஆலோசனை கட்டாயமில்லை. இரண்டாவது உணவைத் தொடும்போது, அல்லது தாயின் எடை வேகமாகக் குறையும்போது, டயட்டீஷியனுக்குக் கொடுக்கும் காசு நியாயமானது. பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு 400 முதல் 500 கலோரி கூடுதலாக வேண்டும். வெட்டிக்கொண்டே போனால் முதலில் விழுவது அதுதான். நல்லவரை அடையாளம் காண ஒரே கேள்வி போதும்: "விட்ட உணவை எப்போது திரும்பச் சாப்பிடுவேன்?" அதற்குத் தேதியோடு பதில் சொல்பவரிடம் போங்கள்.

குழந்தைக்கான பவுடர் மாற்று, புரோபயாடிக்

தாய்ப்பாலோடு கொஞ்சம் பவுடர் பாலும் கொடுக்க வேண்டியிருந்தால் புரதத்தை நன்றாக உடைத்த எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரோலைஸ்டு வகை. அதுவும் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அமினோ அமில வகை. இரண்டும் மருத்துவர் எழுதித் தர வேண்டியவை. "எளிதில் செரிக்கும்", "கம்ஃபர்ட்" என்று விற்கும் பாதி உடைத்த வகையும், ஆட்டுப்பால் பவுடரும் இதற்கு ஆகாது. இந்த அலர்ஜிக்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை.

புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) சொட்டுகளில் சிலவற்றுக்கு தாய்ப்பால் குழந்தைகளின் கோலிக் அழுகையில், அதாவது காரணம் தெரியாமல் நீளும் அழுகையில், ஓரளவு ஆதாரம் உண்டு, பால் அலர்ஜிக்கு மருந்தாக இல்லை. சில சொட்டுகளிலேயே பால் புரதத் துணுக்கு இருக்கும், லேபிள் பாருங்கள்.

நோட்டு

கடைசியாக மிக மலிவான பொருள். ஒரு பக்கத்தில் ஒரு நாள். இடப்பக்கம் தாய் சாப்பிட்டது, வலப்பக்கம் மலம் எத்தனை முறை, சளி உண்டா, ரத்தம் உண்டா, எவ்வளவு (புள்ளியா, நூலா, திட்டா), எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) இருந்தால் எந்த இடத்தில். சந்தேகமான டயப்பரை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்தால் மருத்துவருக்கு விவரிக்கும் வேலை மிச்சம். பச்சை நிறம் மட்டும் வந்தால் தனியாக எழுதி விட்டுவிடலாம், அது அலர்ஜிக்கு அடையாளம் ஆகாது.

சரியாக விட்டிருந்தால், கண்ணுக்குத் தெரியும் ரத்தம் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் குறையத் தொடங்கும், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். எக்ஸிமாவுக்கு இரண்டு முதல் நான்கு வாரம். "பால் உடம்பைவிட்டு இறங்கவே மூன்று வாரம் ஆகும்" என்று பரவலாகச் சொல்வார்கள். உணவுப் புரதம் தாய்ப்பாலிலிருந்து மணிக்கணக்கில் குறைந்துவிடுகிறது. நேரம் எடுப்பது குழந்தையின் குடல் ஆறுவதற்கு. ஆகவே பத்தாவது நாளில் தெரியாமல் ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டால் எண்ணிக்கையை முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டாம். எழுதி வைத்துவிட்டுத் தொடருங்கள்.

நான்கு வாரம் முழுசாக விட்டும் எந்த மாற்றமும் இல்லையென்றால் பாலைத் திரும்பச் சாப்பிட ஆரம்பித்துவிட்டு, அடுத்தது சோயாவா முட்டையா என்று மருத்துவரோடு பேச வேண்டும். பாலையும் விட்டபடி அடுத்ததையும் விடுவது வழக்கமாகிப்போன தவறு.

மாற்றம் தெரிந்தால், தாய் பாலைத் திரும்பச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலர் பயந்து தவிர்க்கும் கட்டம் இது. இதைச் செய்யாமல் பால்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. காய்ச்சல், தடுப்பூசி, புது மருந்து எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்து, முதல் நாள் கொஞ்சம் தொடங்கி ஒரு வாரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடலாம். வாரம் முழுக்க நோட்டில் எதுவும் பதிவாகவில்லையென்றால் பால் காரணமில்லை, டயட் அன்றோடு முடிந்தது. ரத்தமோ எக்ஸிமாவோ திரும்பினால் காரணம் உறுதி: மறுபடி விட்டால் சில நாளில் அடங்கும், பிறகு குழந்தைக்கு 9 முதல் 12 மாதம் ஆகும்போது மருத்துவரின் சொல்படி மீண்டும் முயலலாம். அதற்குள் ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கும்போது முட்டை, வேர்க்கடலை போன்றவற்றை இந்தக் காரணத்துக்காகத் தள்ளிப்போடத் தேவையில்லை. குழந்தைக்கே பால் கொடுக்கத் தொடங்கும்போது, மாவில் சேர்த்து நன்றாக வேகவைத்த வடிவத்தில் முதலில், கட்டித் தயிரும் எதிலும் சேர்க்காத வெறும் பாலும் கடைசியில். முன்பு எப்போதாவது தடிப்பு, வீக்கம், இளைப்பு வந்த குழந்தைக்கும், பால் பட்டதும் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து வெளிறிப்போன குழந்தைக்கும் இந்தத் திரும்பக் கொடுத்துப் பார்க்கும் வேலை எதையும் வீட்டில் செய்யக் கூடாது. மருத்துவமனையில், கண்காணிப்பில் மட்டும்.